பொதிச்சோற்றுக்குப் பிறகு ஒரு சாவி

நாகர்கோவிலில் ஒரு சபையின் வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த தம்பி கேட்டிருக்கிறார்: "மூன்று வருடமாக ஞாயிறுதோறும் வடசேரி பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் படுத்துக்கிடப்பவர்களுக்கு 40 பொதிச்சோறு கொடுக்கிறோம். மூன்று வருடமும் பெரும்பாலும் அதே முகங்கள்தான். இவர்களை ஒரு வீட்டில் நிலையாகக் குடிவைக்க முடியுமா? சபை இடத்தில் ஒரு இல்லம் கட்டலாம் என்று பேச்சு வருகிறது. மற்ற மதத்தாரையும் சேர்த்துக்கொள்ளலாமா?"

தம்பி, முடியும். இல்லம் கட்டும் பேச்சை மட்டும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் அரசு மருத்துவமனை வார்டுகளில் 27 வருடம் நர்சாக இருந்தவள். டிஸ்சார்ஜ் சீட்டில் முகவரிக்கான இடம் வந்ததும் பேனா நின்றுவிடும். "பஸ் ஸ்டாண்ட்" என்று எழுதியிருக்கிறேன். சில பேருக்கு அதுகூடக் கிடையாது. கட்டுப்போட்டு ஆற்றி அனுப்பிய கால், மூன்று வாரத்தில் புழுவைத்துத் திரும்பி வரும். மருந்து வேலை செய்யாமல் இல்லை. காலை நீட்டி வைக்க ஒரு திண்டு, கட்டைக் கழுவித் துடைக்க ஒரு குழாய் அந்த மனுஷனுக்கு இல்லை. ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் குழுவான அன்பியத்தில் ஏழெட்டுப் பேர், அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் பக்கத்துத் தாங்கலிலிருந்து ஒரு அண்ணன், ஜமாஅத்திலிருந்து இரண்டு பேர் என்று சேர்ந்தோம். ஒவ்வொருவராக வாடகை அறைகளில் குடிவைத்து வருகிறோம். சிலர் நிலைத்தார்கள், சிலர் திரும்பிப் போனார்கள். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

முதலில், அந்த முகங்கள் யார் என்று தனித்தனியாகப் பாருங்கள். நம் மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தண்டவாளம் இங்கே வந்து முடிகிறது. திப்ருகரில் ஏறினால் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி கன்னியாகுமரியில் நிற்கும். கட்ராவில் ஏறினால் ஹிம்சாகர். மனம் கலங்கி எங்கோ வண்டி ஏறியவர்கள், இறங்கத் தெரியாமல் உட்கார்ந்தே வந்து கடைசி ஸ்டேஷனில் இறக்கிவிடப்படுகிறார்கள். பேசும் மொழி இங்கே யாருக்கும் தெரியாது. இவர்களுக்குத் தேவை சிகிச்சையும் அவர்கள் ஊரும். இரண்டாவது கூட்டம் நம் ஊர் வயசாளிகள். வீட்டையும் நிலத்தையும் பிள்ளைகள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர்கள், ரப்பர் பால்வெட்டும் ஓட்டல் வேலையும் செய்து, உடம்பு தளர்ந்ததும் வேலையோடு தங்கின இடத்தையும் இழந்தவர்கள். மூன்றாவது, சந்தையில் சுமை தூக்கியும் கட்டட வேலைக்குப் போயும் அன்றாடம் சம்பாதிக்கிறவர்கள். இவர்கள் கையில் 500 ரூபாய் இருக்கும், ஆனால் அட்வான்ஸ் இருக்காது. கடலரிப்பிலும் ஒக்கி போன புயலிலும் வீட்டையோ வீட்டு ஆளையோ இழந்து, பிறகு குடியில் விழுந்தவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. மூன்று கூட்டத்துக்கும் ஒரே பொதிச்சோறு கொடுக்கலாம். ஒரே வழி கிடையாது.

அன்றாடக் கூலிக்காரர் வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரர் வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேட்பது, "ஒனக்கு ஆரு இருக்கா?" என்றுதான். இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் பாதிப்பேர் தெருவில் கிடக்கிறார்கள். வழிபாட்டுத் தலங்களால் கொடுக்க முடிந்த, வேறு யாராலும் அவ்வளவு எளிதாகக் கொடுக்க முடியாத ஒன்று அந்தப் பதில். "இவருக்கு நாங்கள் இருக்கிறோம்" என்று ஊருக்குத் தெரிந்த நாலு பேர் வீட்டு வாசலில் போய் நின்றால் கதவு திறக்கும். குமரி மாவட்டத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில், பூட்டிக் கிடக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. சொந்தக்காரர் பலரும் உங்கள் சபையில் முன்வரிசையில் உட்காருகிறவர்களாகவே இருப்பார்கள். அவர்களுக்குப் பயம் நாலுதான்: வாடகை வராது, குடித்து வம்பு பண்ணுவான், போலீஸ் வரும், வீட்டுக்குள்ளேயே செத்துப்போவான். நாங்கள் இந்த நாலுக்கும் எழுதியே கொடுக்கிறோம். மாதம் 5-ஆம் தேதிக்குள் வாடகை வந்துசேரும். கூப்பிட இரண்டு போன் நம்பர். புகார் வந்தால் அன்றே ஆள் வரும். இறந்துவிட்டால் எல்லாக் காரியத்தையும் நாங்களே பார்ப்போம். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகுதான் பல பேர் சாவியை எடுத்தார்கள்.

ஒப்பந்தத்தை உங்கள் சங்கத்தின் பேரில் போடாதீர்கள். குடியிருக்கப் போகிறவர் பேரிலேயே போடுங்கள், நீங்கள் பொறுப்பாளராகக் கையெழுத்திடுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதைப் பதிவும் செய்ய வேண்டும். அவர் பேரில் ஒப்பந்தம் இருந்தால் அந்தத் தாளே ஆதாருக்கும் வங்கிக் கணக்குக்கும் வழிதிறக்கும். உங்கள் பேரில் இருந்தால் அவர் அந்த வீட்டிலும் விருந்தாளிதான், நீங்கள் மனம் மாறினால் வெளியே போக வேண்டியவர்.

பணக்கணக்கைப் பார்ப்போம். பொதி ஒன்றுக்கு 60 ரூபாய் என்று வைத்தாலும் வாரம் 40 பொதி, வருடத்துக்கு 1,24,800 ரூபாய். நாங்கள் எடுக்கிற ஒற்றை அறைக்கு வாடகை 2,500. வருடத்துக்கு 30,000. அட்வான்ஸ் 15,000, அது திரும்பி வரும். பாய், ஸ்டவ், இரண்டு பானை, வாளி, கொசுவலைக்கு 6,000. ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அலைய 4,000. ஆக ஒருவருக்கு முதல் வருடம் 55,000 ரூபாய். நீங்கள் இப்போது செலவழிக்கிற பணத்திலேயே இரண்டு பேரைக் குடிவைக்கலாம். சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. பசித்தவனிடம் பேச்சைத் தொடங்க சோறுதான் வழி. ஆனால் 40 பொதியைக் கொடுத்து 20 நிமிஷத்தில் வேனில் ஏறிவிடாமல், இரண்டு பேரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பேரைக் கேளுங்கள். அடுத்த வாரம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நாங்கள் முதலில் குடிவைத்தவர் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிய ஒரு பெரியவர், எங்களுக்குப் பாட்டா. கண்ணில் புரை விழுந்து, வெட்டும் கத்தி மரத்தில் தப்பத் தொடங்கியதும் வேலை போயிற்று. ஒழுகினசேரியில் ஓர் அறை எடுத்துக் கொடுத்தோம். சாவியை வாங்கி அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். ஆனால் மூன்று வாரம் அறைக்குள் படுக்கவே இல்லை. கதவை விரியத் திறந்துபோட்டு, பையைத் தலைக்கு வைத்துத் திண்ணையில் படுத்தார். கேட்டால், "உள்ள கெடந்தா மூச்சு முட்டுது மக்ளே. ராத்திரி எவனாவது வந்து எழுப்பி வெரட்டுனா ஓடதுக்கு வெளியதான் தோது" என்றார். எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மாவுக்குக் கோபமே வந்தது, இவ்வளவு செய்தும் தெருவிலேயே கிடப்பது போலக் கிடக்கிறாரே என்று. நாலாவது வாரம் நான் போனபோது கதவு பூட்டியிருந்தது. பயந்துபோய்த் தெருவெல்லாம் தேடினேன். கடையில் தேங்காய்ச்சில்லு வாங்கிக்கொண்டு வந்தவர், "சாள மீன் வாங்கிக் கழுவி வச்சிருக்கேன். பூனை வந்து தின்னுரும்லா" என்றார். வருஷக்கணக்கில் பூட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தவர் அவர். அன்று அந்தச் சாளைக்கறியை நானும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அந்த மூன்று வாரத்தில் நாங்கள் செய்த ஒரே காரியம் தவறாமல் போய் உட்கார்ந்ததுதான். குடிவைத்த பிறகு குறைந்தது ஒன்றரை வருடம் வாரம் ஒருமுறை யாராவது அந்த வாசலுக்குப் போக வேண்டும். மருந்து தீர்ந்துவிட்டதா, கரண்ட் பில் வந்ததா, பக்கத்து வீட்டாரோடு பிணக்கா என்று பார்க்க வேண்டும். சபைகளுக்கு இது புதிதில்லை. வீடு சந்திப்பு என்று வைத்திருக்கிறீர்கள். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் வீடுவீடாகக் கூடுகிறது, வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் ஏழை வீடுகளைச் சந்திப்பதையே முறையாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இவர் வீட்டையும் சேர்த்தால் போதும். வீட்டில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைச் சபைக்கு எடுத்துவைக்கிற பிடியரிசி வழக்கம் உங்கள் சபையில் இருந்தால் அதில் மாதம் 10 கிலோ அந்த வாசலுக்குப் போகட்டும்.

தவறு செய்ததையும் சொல்ல வேண்டும். வடசேரி சந்தையில் மூட்டை தூக்குகிற ஒரு அண்ணனுக்கு, நல்ல மனசுக்காரர் ஒருவர் வெகு தூரத்தில் தன் தோட்டத்து வீட்டை வாடகையில்லாமல் கொடுத்தார். கிணறு, தென்னை, காற்று, எல்லாம் இருந்தது. ஒன்பதாம் நாள் அவர் பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பிவிட்டார். லோடு இறங்குவது விடியற்காலம் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் அங்கிருந்து பஸ் ஏது? சுனாமிக்குப் பிறகும் இதைத்தான் பார்த்தோம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கடற்கரையில் கோவில்களும் பள்ளிக்கூடங்களும் அன்றைக்கே கதவைத் திறந்து மக்களைச் சேர்த்துக்கொண்டன. சமயத் தொண்டு நிறுவனங்கள் வீடுகளும் கட்டிக்கொடுத்தன. அது இந்த மாவட்டம் பெருமைப்பட வேண்டிய காரியம். ஆனால் வலை காயப்போட இடமில்லாமல், கடல் கண்ணில் படாத தூரத்தில் அமைந்த வீடுகளில் மீனவர்களுக்குக் கால் தரிக்கவில்லை. இலவச வீடு தூரத்தில் கிடைப்பதைவிட, வாடகை அறை தொழிலுக்குப் பக்கத்தில் இருப்பது மேல்.

இனி இல்லம். ஐம்பது பேரை ஒரே கட்டடத்தில் வைத்தால் பலகையில் பேர் எழுதலாம், நன்கொடை வரும். ஆனால் உள்ளே போனவர் வெளியே வருவது அரிது. முதியோர், மனநோய் உள்ளவர், பெண்கள், குழந்தைகள் என்று யாரை வைத்தாலும் அதற்கான சட்டப்படி பதிவும் உரிமமும் ஆய்வும் வேண்டும். அது இல்லாமல் நல்ல எண்ணத்தோடு தொடங்கினாலும் உள்ளே நடக்கும் தப்பு வெளியே தெரியாமல் போகும். இரவு தங்க ஓர் இடம் அவசரத்துக்கு வேண்டும், அது உண்மை. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் தங்குமிடத்தில் ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவும் வைத்தது. எனவே மாநகராட்சியிடம் கேட்டு அந்த ஏற்பாட்டைப் பயன்படுத்துங்கள். தங்குமிடத்தைத் திண்ணையாக நினையுங்கள். திண்ணையில் கொஞ்ச நாள் இருக்கலாம், குடியிருக்க முடியாது.

முதலில் திருந்தட்டும், பிறகு வீடு என்பதற்கு மாறாக, முதலில் வீடு, பிறகு மற்றதெல்லாம் என்று 2008 முதல் நாடு முழுக்கச் செய்து பார்த்தது பின்லாந்து. அங்கே தெருவில் கிடப்போர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. சென்னையில் 1993-இல் தொடங்கிய பேனியன் அமைப்பு, மனநோயிலிருந்து மீண்ட பெண்கள் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீடெடுத்து வாழும்படி செய்திருக்கிறது. அமெரிக்காவில் 1986-இல் நியூஜெர்சியில் தொடங்கிய ஓர் ஏற்பாட்டில், வீடிழந்த குடும்பங்களை ஊரிலுள்ள சபைகள் முறை வைத்து வாரம் ஒரு சபை என்று தங்கவைத்தன. அதற்குள் வேலையும் வீடும் தேடிக்கொடுத்தார்கள். முறை வைப்பது நமக்கும் பொருந்தும். ஒரே சபையால் தாங்க முடியாத பாரத்தைப் பத்து இடமாகப் பிரிக்கலாம்.

குடியைப் பற்றி உங்கள் கமிட்டியில் கட்டாயம் கேள்வி வரும். குடியை விட்டால்தான் அறை என்று நிபந்தனை வைக்காதீர்கள். தெருவில் கிடந்துகொண்டு குடியை விட்டவர்களை நான் என் வார்டு வாழ்க்கையில் விரல்விட்டு எண்ணிவிடலாம். வாடகையை நேரே வீட்டுக்காரருக்குக் கட்டுங்கள், அக்கம்பக்கத்தில் சத்தம் கூடாது என்பதில் உறுதியாக இருங்கள். குடியை விட வேண்டும் என்று அவரே கேட்கும் நாளில் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள்.

கடைசி ஸ்டேஷனில் இறங்கியவர்கள் விஷயம் வேறு. அவர்களை நீங்களாகவே வேனில் ஏற்றி எங்கேயும் கொண்டுபோய் விடக்கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு, அப்படித் திரிகிறவரைப் போலீஸ் தன் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்கிறது. காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை போட்டு உறவைத் தேடுவதும் காவல் நிலையத்தின் கடமை. போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களில் இரண்டு பேர் கூடப் போய் அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கும் தொடர்ந்து போங்கள். கன்னியாகுமரியில் இறங்கிய ஒரு அக்கா மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருந்தார். எங்களில் ஒருவர் பரோட்டாக் கடையில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார். அவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் அம்மாவிடம் போனில் பேசினான், அவ்வளவுதான். அந்த அக்கா போனைக் கை நீட்டி வாங்கினார். பிறகு ஆதார் மையத்தில் கைரேகை வைத்துத் தேடியதில் பழைய எண்ணும் ஊரும் கிடைத்தன. அவர் தம்பி வந்து கூட்டிப்போனார். வீட்டுக்குப் போக மனமில்லாதவர்களும் உண்டு, அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. சிறு பிள்ளைகள் என்றால் உடனே 1098, பெண்கள் ஆபத்தில் என்றால் 181. அதில் உங்கள் சொந்த யோசனைக்கு இடமில்லை.

எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பெற்றோருக்கு 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். பராமரிப்பார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரம் என்றால் அதை ரத்து செய்யவும் 23-ஆவது பிரிவில் வழியுண்டு. மூத்தோர் உதவி எண் 14567. முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகம். பாட்டாவுக்கு அந்தத் தொகை வந்தபோது அவர் முதலில் செய்தது வாடகையில் 500 ரூபாய் தானே கொடுத்தது. நாங்கள் வேண்டாம் என்றோம். அது எங்கள் பிழை. வாங்கிக்கொள்ள வேண்டும். சொந்த வீட்டுக்கு அரசுத் திட்டங்கள் உண்டு, ஆனால் கலைஞரின் கனவு இல்லம் போன்றவற்றுக்குக் கையில் மனை வேண்டும். இவர்களிடம் இல்லாதது அதுதான். ஆகவே மூணு சென்ட் வீட்டுமனைக்கு மனுப் போட்டுக்கொண்டே இருங்கள், வாடகை அறையில் வாழ்க்கை நடக்கட்டும்.

மற்ற மதத்தாரைச் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். சேர்த்தே ஆக வேண்டும். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருப்பீர்கள். இந்த மாவட்டத்தில் ஒரு மதத்தார் மட்டும் ஒருவரைத் தூக்கிவிட்டால், எதற்காக என்று இன்னொரு தெருவில் பேசுவார்கள். எங்கள் முறை இது: குடிவைக்கிற நாளில் ஜெபமும் இல்லை, பூஜையும் இல்லை. அவர் கேட்டால் அவர் எங்கே கும்பிடுகிறாரோ அங்கே கூட்டிப்போவோம். பாட்டாவை மாதம் முதல் ஞாயிறு அய்யாவழியின் தலைமைப்பதியான சாமித்தோப்புக்குக் கொண்டுபோய் வந்தது எங்கள் அன்பியத்து ஆட்டோக்காரப் பையன். வேலையையும் பிரித்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல்களில் ஜகாத்துக்கான எட்டு வகையில் கடனாளியும் வழிப்போக்கரும் உண்டு, அட்வான்ஸ் தொகைக்கு ஜமாஅத்தைக் கேட்கலாம். அன்னதானம் நடக்கிற கோவில்களுக்கு அறைக்குப் பக்கத்தில் மதியச் சோறு. கோவில் நிலத்தையோ வக்பு நிலத்தையோ உள்ளூர் கமிட்டி நினைத்தபடி கொடுக்க முடியாது, சபை நிலமும் மறைமாவட்டம், பேராயம் என்று மேலே போகும். ஆகவே நிலம் கேட்டு ஆரம்பிக்காதீர்கள். ஆள் கேளுங்கள். தாங்கல் என்ற பேரிலேயே இருக்கிறது அந்த வேலை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஒரு நாள் பாட்டா என்னிடம் கேட்டார்: "நான் செத்தா எங்க மக்ளே வைப்பீங்க?" நாங்கள் வாடகை, மருந்து, கார்டு என்று ஓடியதில் இதை வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்தோமே தவிர அவரிடம் சொல்லவே இல்லை. நம் ஊரில் சபை வரி, ஊர் வரி கட்டாதவருக்குக் கல்லறையில் இடமா என்று பேச்சு வரும் என்பது உங்களுக்கும் தெரியும். தெருவில் கிடந்தவருக்கு எந்த ஊர்? தாங்கல்கார அண்ணன் அவர் ஊரில் பேசினார். ஊர்க்கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்து, கடைசியில் வரிப்புத்தகத்தில் ஒரு புதுப் பக்கம் போட்டார்கள். பாட்டா அன்றைய வரியைச் சில்லறையாக எண்ணிக் கொடுத்து ரசீது வாங்கி, சாவி கட்டியிருந்த அதே கயிற்றில் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

உங்கள் 40 பேரில் தானே வாய்திறந்து "தம்பி, ஒரு ரூம் கெடைக்குமா?" என்று கேட்டவர் யாராவது இருந்தால் அவரிடமிருந்தே தொடங்குங்கள். அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். அறை பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.